பக்கவாதத்திற்குப் பின் மின் அக்குபங்சர்: விழுந்த கையும் காலும் எழுமா?



நம் மருத்துவ உதவிக் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை டயாலிசிஸ், இருதய ஆபரேஷன், கண்புரை, பிரசவச் செலவு என்று நமக்குப் பழக்கமானவை. சென்ற ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு வந்த ஒரு விண்ணப்பம் எங்களைக் கொஞ்சம் திணற வைத்தது. குடும்பத்தில் சம்பாதிக்கும் ஒரே ஆள், வயது 58. பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. அரசு மருத்துவமனையில் 9 நாள் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பக்கத்து ஊரில் ஊசி குத்திக் கரண்ட் வைக்கும் சிகிச்சை இருக்கிறது, 30 முறை போனால் நடந்துவிடுவார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு முறைக்கு 600 ரூபாய். மொத்தம் 18,000 ரூபாய் உதவி வேண்டும் என்று அவருடைய மகள் எழுதியிருந்தார்.

கொடுப்பதா, வேண்டாமா? குழுவில் இருந்த ஒருவருக்கும் சரியான பதில் தெரியவில்லை. ஒருவர், "எல்லாம் ஏமாற்று வேலை" என்றார். மூத்த உறுப்பினர் ஒருவர், தம் முழங்கால் வலி அக்குபங்சரில்தான் குறைந்தது என்றார். வாதாடிக்கொண்டிருப்பதைவிடத் தெரிந்துகொள்வது நல்லது என்று, நமக்குத் தெரிந்த டாக்டர்களிடமும் பிசியோதெரபிஸ்டுகளிடமும் கேட்டோம். வெளியாகியிருக்கும் ஆய்வுகளையும் அவர்கள் உதவியுடன் படித்தோம். அதில் கிடைத்ததை இங்கே எழுதுகிறோம். இதே கேள்வி நம் மஹல்லாவில் இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

கை நன்றாகத்தான் இருக்கிறது

பக்கவாதம் வந்தவருடைய கையில் எந்தக் கோளாறும் இல்லை. எலும்பு, சதை, நரம்பு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. அடிபட்டது மூளை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலோ, வெடித்து ரத்தம் கசிந்தாலோ, அந்தப் பகுதியிலுள்ள செல்கள் மடிகின்றன. அடைப்பால் வருவதுதான் அதிகம். 100 பேரில் ஏறத்தாழ 85 பேருக்கு அதுவே காரணம். மூளையிலிருந்து கை கால்களுக்கு இறங்கும் நரம்புப் பாதை கழுத்துக்கு மேலே இடம் வலமாக மாறிக் கடப்பதால், இடப்பக்க மூளையில் அடி விழுந்தால் வலது கை கால் விழுகிறது. பேச்சும் பெரும்பாலானோருக்கு இடப்பக்க மூளையில் இருப்பதால், வலப்பக்கம் விழுந்தவர்கள் பலருக்குப் பேச்சும் சேர்ந்து போகிறது.

மடிந்த செல்கள் திரும்ப வருவதில்லை. ஆனால் பக்கத்திலிருக்கும் உயிருள்ள செல்கள் புதிய இணைப்புகளைப் போட்டு, போன வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பிரதான சாலை உடைந்துபோனால் லாரிகள் சந்து வழியாகப் போகப் பழகுவது போல. இந்த மாற்றம் முதல் 3 மாதங்களில் வேகமாக நடக்கிறது. 6 மாதம் வரை ஓரளவு நடக்கிறது. அதற்குப் பிறகு மெதுவாகிறதே தவிர, அடியோடு நின்றுவிடுவதில்லை.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். எந்தச் சிகிச்சையும் எடுக்காதவர்களிலும் பலருக்கு முதல் 3 மாதங்களில் ஓரளவு முன்னேற்றம் வரும். ஆகவே அந்த மாதங்களில் யார் எதைக் கொடுத்திருந்தாலும், தைலமோ தாயத்தோ ஊசியோ, அதனால்தான் நடந்தார் என்று தோன்றிவிடும். புறா ரத்தத்தைத் தேய்த்தால் வாதம் போகும் என்று இன்றும் நம் ஊர்களில் சொல்கிறார்கள். பாவம், அந்தப் புறாவுக்குக் கிடைத்த பெயரெல்லாம் இப்படி வந்ததுதான். நம்மவர்கள் சிலரும் அந்தக் காரியத்தைச் செய்கிறார்கள் என்பதைக் கேட்டபோது வருத்தமாக இருந்தது.

ஊசியும் கரண்டும்

அக்குபங்சர் சீனாவின் பழைய வைத்தியம். தலைமுடியைவிடச் சற்றுத் தடிமனான, கால் மில்லிமீட்டர் அளவுள்ள எஃகு ஊசிகளை உடலின் குறிப்பிட்ட இடங்களில் செலுத்தி 20, 30 நிமிடம் விட்டுவைப்பார்கள். மின் அக்குபங்சரில் அந்த ஊசிகளை இரண்டிரண்டாக மெல்லிய கம்பிகளால் ஒரு சிறிய பேட்டரிப் பெட்டியில் இணைத்து, மிகச் சிறிய மின்துடிப்புகளை அனுப்புகிறார்கள். வீட்டுக் கரண்ட் அல்ல. ஷாக் அடிக்காது. சதை 'டக் டக்' என்று துடிக்கும் அளவுக்கோ, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வரும் அளவுக்கோதான் வைப்பார்கள்.

இது முழுக்கச் சீனாவிலேயே பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஊசியில் மின்சாரத்தைச் சேர்த்து 1825ஆம் ஆண்டு புத்தகம் எழுதியவர் பிரான்ஸ் நாட்டு டாக்டர் சார்லாந்தியேர். அவர் பார்த்தது வாத வலிகளுக்கு. பக்கவாதத்துக்குப் பெரிய அளவில் பயன்படுத்தத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டுச் சீனாவில்தான். 1970களின் தொடக்கத்தில் ஷான்ஷி மாநிலத்து டாக்டர் ஜியாவ் ஷுன்ஃபா என்பவர், மூளையில் கை காலை இயக்கும் பகுதிக்கு நேர் மேலே தலைத்தோலில் ஊசி வைக்கும் முறையைப் பரப்பினார். இன்று சீனாவின் பல மருத்துவமனைகளில் பக்கவாத நோயாளிக்கு மாத்திரை, பிசியோதெரபியுடன் ஊசியும் வழக்கமான ஒன்று.

கைக்கு என்றால் தோள்பட்டை முனை, முழங்கை மடிப்பின் வெளிப்பக்கம், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை ஆகிய இடங்களில் வைக்கிறார்கள். காலுக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்கமும் வெளிப்பக்கமும், கணுக்காலுக்கு மேலே உட்பக்கமும். துடிப்பின் வேகத்தையும் மாற்றுவார்கள். ஒரு விநாடிக்கு 2 துடிப்பு என்றால் சதை தட்டுவது போல் இருக்கும். 100 துடிப்பு என்றால் ஒரே ரீங்காரமாக இருக்கும். பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் என்ற பேராசிரியர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, குறைந்த வேகமும் அதிக வேகமும் உடலில் வெவ்வேறு வகையான வலிபோக்கும் பொருள்களைச் சுரக்க வைக்கின்றன என்று காட்டினார். ஆகவே ஊசியும் கரண்டும் உடலில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வலியில் அதன் வேலை ஓரளவு விளங்குகிறது.

பக்கவாதத்தில் அது என்ன செய்யும் என்பதற்குச் சொல்லப்படும் விளக்கம் இது: சதையும் தோலும் துடிக்கும்போது அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது, திரும்பத் திரும்ப அந்தச் செய்தி வருவதால் மூளை புதிய இணைப்பு போடத் தூண்டப்படுகிறது. எலிகளின் மூளை ரத்தக்குழாயை அடைத்துச் செய்த சோதனைகளில், நரம்பு வளரத் துணைபுரியும் புரதங்கள் கூடியதைப் பார்த்திருக்கிறார்கள். எலிக்கு நடந்தது நம் வாப்பாவுக்கும் நடக்குமா என்பதுதான் கேள்வி.

ஸ்வீடனில் நடந்தது

நாங்கள் படித்ததில் எங்கள் மனதில் தங்கியது ஸ்வீடன் நாட்டு அனுபவம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

அந்நாட்டின் லுண்ட் நகரத்து டாக்டர்கள், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 78 பேரை இரண்டு பிரிவாகச் சீட்டுக் குலுக்குவது போல் பிரித்தார்கள். எல்லோருக்கும் தினமும் பிசியோதெரபி உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக வாரம் 2 முறை வீதம் 10 வாரம் அக்குபங்சர், மின்துடிப்போடு சேர்த்து. முடிவு 1993இல் வெளியானது. ஊசி பெற்றவர்கள் வேகமாகத் தேறினார்கள். நடையில், நிற்பதில், தம் வேலையைத் தாமே செய்வதில் எல்லாம் முன்னே போனார்கள். உலகம் முழுவதும் இந்த ஆய்வை எடுத்துச் சொன்னார்கள். இன்றும் சில விளம்பரங்களில் இதன் நிழல் தெரிகிறது.

ஆனால் அந்த ஆய்வில் ஓர் ஓட்டை இருந்தது. ஊசிப் பிரிவுக்கு மொத்தம் 20 முறை ஒருவர் வந்து அருகில் உட்கார்ந்து, தொட்டு, பேசி, தைரியம் சொல்லியிருக்கிறார். மற்ற பிரிவுக்கு அது இல்லை. பலன் ஊசியால் வந்ததா, அந்தக் கவனிப்பால் வந்ததா? நோயாளிகளுக்கும் தாம் எந்தப் பிரிவு என்று தெரியும். புதிய சிகிச்சை கிடைத்தவருக்கு உற்சாகம் வரும், கிடைக்காதவருக்கு மனம் சோரும்.

இந்த ஐயத்தைத் தீர்க்க, லுண்ட் குழுவினரும் மற்ற ஊர் டாக்டர்களும் சேர்ந்து 7 மருத்துவமனைகளில் 150 பேரைக் கொண்டு இன்னொரு ஆய்வு நடத்தினார்கள். இம்முறை மூன்று பிரிவு. ஒன்றுக்கு மின் அக்குபங்சர். இன்னொன்றுக்கு ஊசி இல்லாமல் தோலின் மேல் பட்டை ஒட்டிச் சதை துடிக்கும்படி மின்தூண்டல். மூன்றாவது பிரிவுக்கும் பட்டை ஒட்டினார்கள், ஆனால் கரண்ட் உணரவே முடியாத அளவுக்குக் குறைவு, அதாவது பெயருக்கு மட்டும். எல்லோருக்கும் அதே 10 வாரம், அதே 20 முறை, அதே கவனிப்பு. 2001இல் வெளியான முடிவில் மூன்று பிரிவுக்கும் இடையே வேறுபாடே இல்லை. கை கால் அசைவிலும் இல்லை, நடையிலும் இல்லை, அன்றாட வேலைகளிலும் இல்லை.

தாங்களே முன்பு நல்லது என்று சொன்னதைத் தாங்களே மறுபடி சோதித்து, இல்லை என்று வெளியிட்டார்களே, அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருந்தது. அதே நாட்டில் யோட்டபோரி நகரில் 104 பேரிடம் 1998இல் வெளியான ஆய்விலும், ஹாங்காங்கில் 106 பேரிடம் 2002இல் வெளியான ஆய்விலும், பிசியோதெரபியோடு ஊசியைச் சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

சீனாவிலிருந்து வரும் ஆய்வுகளோ பெரும்பாலும் பலன் உண்டு என்றே சொல்கின்றன. உலகம் முழுவதிலுமுள்ள ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு, பக்கவாதம் வந்து சில வாரங்களுக்கு மேலானவர்கள் பற்றிய 31 ஆய்வுகளை, மொத்தம் 2,257 நோயாளிகள், 2016இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அக்குபங்சர் சிலவற்றில் நன்மை செய்யலாம்; ஆனால் ஆய்வுகளின் தரம் குறைவு; இதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதவில்லை என்று அது எழுதியது. சிறிய ஆய்வுகள், யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதை மறைக்காமல் செய்த ஆய்வுகள், பலன் வந்ததை மட்டும் வெளியிடும் பழக்கம், இவைதான் குறைகள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சற்று நம்பிக்கை தெரிகிறது. பக்கவாதம் வந்து சில வாரங்கள் கழித்துக் கை மடங்கி இறுகி, விரல்கள் மூடிக்கொள்ளும் அல்லவா? அந்த இறுக்கத்தைக் குறைப்பதில், வழக்கமான சிகிச்சையுடன் மின் அக்குபங்சரைச் சேர்த்தால் பலன் தெரிகிறது என்று 22 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கட்டுரை சொல்கிறது. பக்கவாதம் வந்து 6 மாதத்துக்குள் இருப்பவர்களுக்கே இது. அங்கும் ஆய்வுகளின் தரம் பற்றிய அதே எச்சரிக்கை உண்டு. இறுக்கம் குறைவது வேறு, கையால் டம்ளரைப் பிடிப்பது வேறு என்பதையும் சேர்த்து மனதில் வைக்க வேண்டும்.

ஆக எங்கள் குழு எடுத்த முடிவு: மின் அக்குபங்சரைத் தவறு என்று சொல்ல மாட்டோம், தம் சொந்தப் பணத்தில் தகுதியான இடத்தில் செய்துகொள்பவரைத் தடுக்கவும் மாட்டோம். ஆனால் நீங்கள் நம்பித் தந்த பணத்தை, பிசியோதெரபிக்குக் கொடுக்காமல் இதற்குக் கொடுப்பது சரியல்ல. முழங்கால் வலி குறைந்த அந்த மூத்த உறுப்பினருக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மாத்திரை அட்டை

விண்ணப்பம் தந்தவர் வீட்டுக்கு எங்கள் குழுவிலிருந்து இருவர் போனார்கள். விசாரிக்கப் போன இடத்தில் அவர்கள் கண்ணில் பட்டது மாத்திரை அட்டைகள். மருத்துவமனையில் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையும், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையும் பிரிக்காமல் அப்படியே இருந்தன. ஊசி சிகிச்சை பற்றி விசாரிக்கப் போனபோது, "இங்கிலீஷ் மருந்து உடம்பில் இருந்தால் இது வேலை செய்யாது, நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று சொன்னார்களாம். 12 நாளாக நிறுத்தியிருந்தார்கள். பக்கத்துத் தெரு நர்ஸ் சகோதரியை அழைத்துப் பார்த்ததில் ரத்த அழுத்தம் 190க்கு 110. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அல்ஹம்துலில்லாஹ், வேறு விபரீதம் ஏதும் நடக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது அந்த அட்டைகள்தான். ஊசியால் பலன் இல்லாமல் போனால் நஷ்டம் 18,000 ரூபாய். மாத்திரையை நிறுத்தினால் ஆளே போய்விடலாம். பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, ஏற்கெனவே ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் வருவது. இரண்டாவது முறை வருவது பெரும்பாலும் முதலாவதைவிடக் கடுமையாக முடக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ரத்தம் உறைதல் இவற்றுக்கான மாத்திரைகள் அதைத் தடுப்பதற்காகக் கொடுக்கப்படுபவை. அவற்றை நிறுத்தச் சொல்பவர் ஊசி வைத்தாலும், கையால் தொட்டு மட்டும் வைத்தியம் செய்தாலும், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சீனாவிலேயே மாத்திரையோடு சேர்த்துத்தான் ஊசி வைக்கிறார்கள்.

எல்லாம் விசாரித்துவிட்டு, சொந்தப் பணத்தில் செய்துகொள்வது என்று முடிவெடுத்தவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஊசியில் கரண்ட் வைக்கக் கூடாது. வலிப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஊசி வைத்த இடத்தில் ரத்தம் கட்டலாம். மருந்துச் சீட்டை முதலிலேயே காட்டிவிடுங்கள். விழுந்த பக்கத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் சுட்டாலும் தெரியாது, ஆகவே கரண்டைக் கூட்டும்போது ஒருவர் அருகில் இருந்து பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் காலில் புண் இருந்தால் அந்தக் காலில் ஊசி வேண்டாம். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழுந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். ஊசி, உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்படும், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியாக இருக்க வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் சில ஊசி வழியாகச் சுலபமாகப் பரவுகின்றன. வைப்பவர் என்ன படித்தவர் என்று கேட்பதில் வெட்கம் தேவையில்லை. ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் அக்குபங்சர் ஒரு பாடம். சில வாரப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவர்களும் போர்டு வைத்திருக்கிறார்கள்.

பலன் உள்ளது எது?

பலன் உண்டு என்று நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயத்தில் கவர்ச்சி எதுவும் இல்லை. எந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டுமோ, அந்த வேலையையே நூறு முறை, ஆயிரம் முறை செய்து பழகுவது. டம்ளரை எடுக்க வேண்டுமென்றால் டம்ளரை எடுத்துப் பழக வேண்டும். நாற்காலியிலிருந்து எழ வேண்டுமென்றால் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். மூளை புதிய பாதை போடுவது இந்தத் திரும்பத் திரும்பச் செய்வதால்தான்.

இதைக் காட்டிய பெரிய ஆய்வு ஒன்று 2006இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர். கை ஓரளவு அசையக்கூடியவர்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு நல்ல கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரமெல்லாம் அதைப் பயன்படுத்தாமல் தடுத்து, 2 வாரம் விழுந்த கையால் மட்டுமே வேலை செய்ய வைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அவர்கள் கை மற்றவர்கள் கையைவிட நன்றாக இருந்தது. விரலும் மணிக்கட்டும் அசையாதவர்களுக்கு இது ஒத்துவராது.

அசைவே இல்லாதவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி இருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடியை மேசையில் நிறுத்தி, விழுந்த கையைப் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்தபடி கண்ணாடியைப் பார்க்க வேண்டும். விழுந்த கை அசைவது போல் மூளைக்குத் தோன்றும். கை வெட்டப்பட்டவர்களின் வலிக்காக இதைக் கண்டுபிடித்தவர் நம் தமிழ்நாட்டில் பிறந்த மூளை விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன். பக்கவாதத்தில் இதற்கு உள்ள சான்று ஊசிக்கு உள்ளதைவிட மேலானது. 62 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் அதே காக்ரேன் அமைப்பு இதை ஆராய்ந்திருக்கிறது. செலவு ஒரு கண்ணாடியின் விலை. பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு வீட்டில் தினமும் செய்யலாம்.

வீட்டார் பாசத்தால் செய்யும் ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். வலது கை விழுந்தவர் இடது கையால் சாப்பிடத் தயங்குகிறார். நம் பழக்கம் அப்படி. உடனே மனைவியோ மகளோ ஊட்டிவிடத் தொடங்குகிறார்கள். மாதங்கள் போகின்றன. அவர் எந்தக் கையாலும் சாப்பிடக் கற்றுக்கொள்ளாமலே போய்விடுகிறார். வலது கை வராதவர் இடது கையால் உண்பதில் குற்றமில்லை, அது தங்கடம் உள்ளவருக்கான சலுகை என்று நம் பள்ளி இமாம் அவர்களிடம் கேட்டே எழுதுகிறோம். இடது கையில் ஸ்பூனைக் கொடுங்கள். வலது கையை மடியில் தொங்க விடாமல், தட்டைப் பிடித்துக்கொள்ளும்படி மேசைமேல் வையுங்கள். கொஞ்சம் சிந்தட்டும். பேரப்பிள்ளைகள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிக்கட்டும்.

பிசியோதெரபிஸ்ட், "உங்களுக்கு என்ன செய்ய வர வேண்டும்?" என்று கேட்பார். எங்கள் விண்ணப்பதாரர் அதற்கு, பள்ளிவாசலுக்கு நடந்து போய் நாற்காலியிலாவது உட்கார்ந்து ஜமாஅத்தோடு தொழ வேண்டும் என்று பதில் சொன்னார். அது மிக நல்ல இலக்கு என்று அந்தப் பெண் பிசியோதெரபிஸ்ட் அதையே துண்டு துண்டாகப் பிரித்துக்கொடுத்தார்: கட்டில் ஓரத்தில் சாயாமல் உட்காருவது, எழுவது, செருப்பு மாட்டுவது, ஒரு படி ஏறுவது, உளூவுக்குக் குழாயை இடது கையால் திறந்து வலது கையை அதன் கீழ் கொண்டுபோவது. வீட்டில் பெண் நோயாளி இருந்து, ஆண் பிசியோதெரபிஸ்ட் வருவது சங்கடமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். தயக்கத்தால் பயிற்சியை விட்டுவிட வேண்டாம்.

எல்லாவற்றையும் குடும்பமே பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். நம் இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் செய்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், குடும்பத்தாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து வீட்டிலேயே செய்ய வைத்ததில் 6 மாதம் கழித்து வேறுபாடு தெரியவில்லை. வீட்டாரின் கையோடு பயிற்சி பெற்றவரின் கண்ணும் வேண்டும். தோளைப் பிடித்து இழுத்துத் தூக்குவது போன்ற தவறுகளை அவர்கள்தான் திருத்துவார்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவி, அப்புறம் அந்த வலியே பயிற்சிக்குத் தடையாகிவிடும்.

முதல் சில மணி நேரம்

இதுவரை சொன்னதெல்லாம் பக்கவாதம் வந்து முடிந்த பிறகு. அதைவிட முக்கியமானது வரும் நேரம். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையைத் தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108க்குப் போன் செய்யுங்கள். ஆரம்பித்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் கம்பி வழியாக எடுப்பதற்குச் சிலருக்கு 24 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. ஆனால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஏறத்தாழ 19 லட்சம் மூளைச் செல்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வாயில் தண்ணீர், சர்க்கரை, மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடா வருடம் சுற்றி வருகிறது. அதை நம்பி உட்கார்ந்திருந்தால் அந்த நாலரை மணி நேரமும் போய்விடும்.

விண்ணப்பம் தந்த குடும்பத்துக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். வாரம் 3 நாள் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து போவதற்கும், மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்வர ஆட்டோவுக்கும் 3 மாதத்துக்கு உதவி தந்தோம். மாத்திரைக்குச் செலவே இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டில் பிசியோதெரபியும் உண்டு. நம் தெருக்களில் பலருக்கு இது தெரியவில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். அவர் இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறார். வலது கை தோளிலிருந்து கொஞ்சம் அசைகிறது, விரல்கள் இன்னும் திறக்கவில்லை.

பக்கவாத நோயாளிக்காக உதவி கேட்டு வருபவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, ரேஷன் கார்டு ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுவர வேண்டும். மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்து வாருங்கள். எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அஸர் வரை அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள்.